சென்ஜியாகோ நாட்குறிப்பு: நிற்கப் பழகிய எட்டு நாள்

நாள் 1

ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டேன். பெய்ஜிங்கில் இருந்து செங்சோ வரை அதிவேக ரயில், கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர், மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. அங்கிருந்து வாடகைக் காரில் மஞ்சள் ஆற்றைத் தாண்டி வடக்கே வரவேண்டும். பெயர் மஞ்சள் என்றாலும் நம் ஊர் ஆற்றில் புதுவெள்ளம் வரும்போது செம்மண் கலந்து ஓடுமே, அந்த நிறம்தான். ஆறு தாண்டியதும் எல்லாம் தட்டையான வயல். அக்டோபர் கடைசி என்பதால் மக்காச்சோளம் அறுத்து முடித்து, வீட்டு வாசலிலும் சாலை ஓரத்திலும் காயப்போட்டிருக்கிறார்கள். கோதுமை இப்போதுதான் முளை விட்டிருக்கிறது.

ஹெனான் மாகாணத்து வென் மாவட்டத் தலைநகரில் இருந்து கிழக்கே 5 கிலோமீட்டரில் சென்ஜியாகோ. 'சென் குடும்பத்து ஓடை' என்று பெயரைப் பிரிக்கலாம். தாய்ச்சி என்று நாம் சொல்லும் தாய்ஜிச்சுவான் என்ற சண்டைக்கலை இந்த ஊரில் பிறந்தது என்பதால் உலகம் முழுக்க இருந்து ஆட்கள் வருகிறார்கள். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்தக் கலையைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபிறகு ஊர் நிறையவே மாறியிருக்கிறது என்று ஓட்டுநர் சொன்னார். பெரிய சதுக்கம், அருங்காட்சியகம், தெருவுக்குத் தெரு பயிற்சிப் பள்ளி.

நான் ஏன் வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 14 வயதில் கராத்தே ஆரம்பித்தேன், இப்போது 41. நடுவில் ஒரு பயிற்சியாளர் குந்திய நிலையில் வாத்து போல மைதானத்தைச் சுற்ற வைத்தார், மூட்டு வலிக்கிறது என்று சொன்னவர்களை இன்னும் இரண்டு சுற்று அனுப்பினார். என் வலது முழங்கால் அன்றைக்குப் போனது. அதன்பிறகு உதைக்கும் வேகமெல்லாம் குறைந்தது, பலம் என்றால் என்ன என்ற கேள்வி மட்டும் கூடிக்கொண்டே போனது. சீனர்கள் நெய்குங் என்று ஒன்றைச் சொல்கிறார்கள். நெய் என்றால் உள்ளே, குங் என்றால் நாள்பட உழைத்துச் சேர்த்த திறமை. குங்ஃபூவில் வரும் அதே குங். வெளியே ஒன்றும் பெரிதாக அசையாமல் நின்றுகொண்டு, மெதுவாகச் சுழன்றுகொண்டு, மூச்சை இறக்கிக்கொண்டு செய்கிற அந்தப் பயிற்சியால் ஒரு குத்துக்கு எப்படி பலம் வரும்? இதைக் கைபோட்டுப் பார்க்கவேண்டும் என்று பல வருடமாக ஆசை.

இரவுக்கு ஹுய்மியான், ஆட்டு எலும்புச் சாறில் தட்டை நூடுல்ஸ். சாப்பிட்டுவிட்டுப் படுக்கப்போகிறேன். காலை ஐந்தரைக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள்.

நாள் 2

நின்றேன். இன்று முழுக்க இதுதான்.

ஜான் ஜுவாங் என்று பெயர், கட்டை நட்டதுபோல் நிற்பது. கால்கள் தோள் அகலம், முழங்கால் லேசாக மடக்கம், கைகள் மார்புக்கு முன்னால் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்தது போல் வளைவு. பார்க்கும்போது ஒன்றுமே இல்லை. ஏழாவது நிமிடம் தொடை ஆடியது, பத்தாவது நிமிடம் தோள் எரிந்தது, பன்னிரண்டில் கையை இறக்கிவிட்டேன். பக்கத்தில் ஒரு பாட்டி அரை மணி நேரமாக அசையவே இல்லை.

இங்கே எனக்கு ஒரு பெரிய அதிர்ஷ்டம். கூடப் பயில்பவர்களில் மலேசியாவின் ஈப்போவைச் சேர்ந்த ஒரு சீனர் இருக்கிறார், ரப்பர் எஸ்டேட் பக்கத்தில் வளர்ந்தவர், தமிழ் சரளமாகப் பேசுகிறார். அண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். ஆசிரியர் (இங்கே லாவ்ஷி என்பார்கள்) அறுபதைக் கடந்தவர், ஹெனான் பேச்சுவழக்கில் நாலு வார்த்தை சொல்வார், அண்ணன் அதைத் தமிழில் சொல்வார். லாவ்ஷி நாள் முழுக்கச் சொன்ன ஒரே சொல் 'சோங்'. தளர்த்து என்று அகராதியில் போட்டிருக்கும். நான் தளர்த்தினேன், இடுப்பு சரிந்தது, திட்டு விழுந்தது. அப்புறம் அண்ணன் சொன்னார்: "சோங்னா தொளதொளன்னு விடுறது இல்ல தம்பி. கொடியில காயப்போட்ட சேலைய பாரு. மேல பிடிச்சிருக்கும், கீழ தொங்கும். அந்த மாதிரி நில்லு."

அவ்வளவுதான், உடம்புக்குப் புரிந்துவிட்டது. உச்சந்தலையில் யாரோ பிடித்துத் தூக்கியிருக்கிறார்கள், மீதியெல்லாம் அதில் இருந்து தொங்குகிறது.

சாயங்காலம் லாவ்ஷி என் இடுப்பைப் பிடித்து ஒரு விரற்கடை பின்னால் தள்ளி, தொடையும் இடுப்பும் சேரும் மடிப்பில் விரலால் குத்திக் காட்டினார். இந்த இடத்தை 'குவா' என்கிறார்கள். அது மடங்கவேண்டும், மடங்காவிட்டால் உடம்பின் கனமெல்லாம் முழங்காலில் வந்து உட்காரும், மடங்கினால் பாதத்துக்குப் போய்விடும். பல வருடங்களில் முதல்முறையாக வலது முழங்கால் வலிக்காமல் மடங்கி நின்றேன். அங்கேயே கண் கலங்கிவிட்டது.

சென் குலத்தின் 14ஆம் தலைமுறை ஆசிரியர் சென் சாங்ஷிங் (1771–1853) அவ்வளவு நேராக நிற்பாராம், அதனால் மூதாதையர் பெயர் எழுதி வழிபடுமிடத்தில் நட்டுவைக்கும் பலகை போல இருக்கிறார் என்று 'பலகை ஐயா' என்றே ஊரார் பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். நின்ற விதத்துக்காகவே ஒரு சண்டைக்காரருக்குப் பெயர் வந்தது என்பதை நேற்று கேட்டிருந்தால் எனக்கு ஒன்றும் தோன்றியிருக்காது.

நாள் 3

காலை நிற்பது 15 நிமிடம். பிறகு சான்ஸி, பட்டு நூற்பது.

பட்டுக்கூட்டில் இருந்து இழையை இழுக்கும்போது ஒரே வேகத்தில், சுழற்றிக்கொண்டே இழுக்கவேண்டும், வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும், தயங்கினால் சிக்கிக்கொள்ளும். சென் பாணியின் அடிப்படை இந்தச் சுழற்சி. ஒரு கையை வட்டமாகச் சுற்றுவதுதான் பயிற்சி, ஆனால் கை சுற்றக்கூடாது. தொப்புளுக்கு மூன்று விரற்கடை கீழே உள்ளே இருக்கும் இடத்தை தான்தியான் என்கிறார்கள். அது திரும்பும், இடுப்பு திரும்பும், முதுகு, தோள், முழங்கை, கடைசியில் விரல். திரும்பும்போதும் அதே வரிசை. கராத்தேயில் நான் தோளில் இருந்து குத்திப் பழகியவன், கை முந்திக்கொண்டே இருந்தது. லாவ்ஷி என் கையை அவர் கையில் வாங்கிக்கொண்டு, "நீ ஒன்றும் செய்யாதே" என்று சொல்லிவிட்டு என் வயிற்றைத் தொட்டுத் திருப்பினார். கை தானாகச் சுற்றியது.

மூச்சு பற்றிக் கேட்டேன். பிராணாயாமத்தில் எண்ணிக்கை வைத்து இழுத்து, நிறுத்தி, விட்டுப் பழகியவர்களுக்கு இங்கே முதலில் குழப்பமாக இருக்கும். ஆரம்பத்தில் மூச்சை எண்ணவே கூடாது, அது பாட்டுக்கு வயிற்றுக்கு இறங்கட்டும் என்கிறார்கள். அசைவு பழகியபிறகுதான் தலைகீழ் மூச்சு: உள்ளே இழுக்கும்போது அடிவயிறு லேசாக உள்ளே போகும், வெளியே விடும்போது அடிவயிறும் இடுப்பின் பின்பக்கமும் சுற்றி விரியும். அடி போகும் நொடியில் நடுவுடம்பு காற்றடைத்த டயர் போல இறுகி நிற்கும். காலில் இருந்து வரும் விசை நடுவில் கசியாமல் கைக்குப் போவதற்கு இந்த விரிவு தேவை. எனக்கு இந்த விளக்கம் போதும்போல இருக்கிறது. ச்சி என்ற சொல்லை அவர்கள் இந்த மொத்த ஏற்பாட்டுக்கும் சேர்த்துத்தான் பயன்படுத்துகிறார்கள் என்று தோன்றுகிறது, மூச்சு, கவனம், உள்ளுக்குள் உணரும் அழுத்தம், சூடு எல்லாம் அதில் வந்துவிடுகிறது.

நாள் 4

மழை. படி இறங்கும்போது தொடை ஒத்துழைக்கவில்லை. காலையில் மிளகு தூக்கலான ஹுலாதாங் ஒரு கிண்ணம் குடித்தேன், இந்தக் குளிருக்கு அது மருந்து.

அறையில் உட்கார்ந்து குறிப்பு எடுத்தேன். மூச்சும் மெல்லிய அசைவும் சேர்ந்த பயிற்சிகளுக்குச் சொல்லும் ச்சிகுங் என்ற சொல் பழையதுபோல ஒலித்தாலும், இன்றைய பொருளில் அது பரவியது 1950களில்தான். லியூ குய்ஜென் என்பவர் தன் வயிற்றுப்புண்ணை இந்தப் பயிற்சியால் குணமாக்கிக்கொண்டதாகச் சொல்லி, அரசு ஆதரவுடன் சிகிச்சை இல்லம் நடத்தினார், அப்போது பழைய பயிற்சிகள் பலவற்றுக்கும் சேர்த்து அந்தப் பெயர் ஒட்டியது. அதற்கு முன் தாவ்யின் என்பார்கள், உடம்பை நீட்டி மூச்சை வழிநடத்துவது. அது உண்மையிலேயே மிகப் பழையது. 1973இல் சாங்ஷா அருகே மவாங்துய் கல்லறையில் ஒரு பட்டுத்துணி ஓவியம் கிடைத்தது, கி.மு. 168இல் புதைத்தது, அதில் 44 பேர் விதவிதமாகக் கைகால் நீட்டி நிற்கிறார்கள். ஆணும் பெண்ணும், கிழவரும் இளையவரும். ஆனால் அது எல்லாம் நோய் தீர, ஆயுள் நீள. சண்டைக்கும் அதற்கும் அப்போது தொடர்பில்லை.

இரண்டும் எப்போது சேர்ந்தன? இதைத்தான் இந்த மழையில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நாள் 5

இன்று நீளமாக எழுதப்போகிறேன், நாள் அப்படி.

காலையில் நேற்றைய கேள்வியோடு ஊரின் கிழக்கு ஓடைப் பக்கம் நடந்தேன். தாய்ஜிச்சுவானை உருவாக்கியவர் என்று ஊர் கொண்டாடும் ஒன்பதாம் தலைமுறை சென் வாங்டிங் இங்கேதான் பயின்றதாகச் சொல்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டுக்காரர், படைவீரர். 1644இல் மிங் ஆட்சி விழுந்ததும் ஊருக்குத் திரும்பி, ஓய்வு நேரத்தில் சண்டை அசைவுகளை அமைத்து, மற்ற நேரத்தில் உழவு செய்தார் என்பது குடும்பத்தில் காத்துவரும் பாட்டின் சாரம். துணைக்குத் தாவோ மதத்தின் மூச்சு தியான நூலான 'ஹுவாங்டிங் ஜிங்' ஒன்றை வைத்திருந்ததாகவும் அந்தப் பாட்டில் வருகிறது. கூடவே தளபதி ச்சி ஜிகுவாங்கின் போர்நூலில் உள்ள 32 கைச்சண்டை நிலைகளில் 29 சென் பாணியில் தெரிகின்றன. ஆக ஒரு பக்கம் படைமுகாமின் சண்டை, மறுபக்கம் தாவ்யின் மூச்சு. வூதாங் மலைத் துறவி ஜாங் சான்ஃபெங்தான் முதல்வர் என்று இன்னொரு கதை பரவலாக உண்டு. எனக்கு இந்த ஓடைக்கரையின் கதைதான் நம்பும்படி இருக்கிறது, அதில் வயலும் உழவும் தோற்ற ஓர் ஆட்சியின் வீரனும் இருக்கிறார்கள்.

இன்னொன்று. 'உள் பாணி', 'வெளிப் பாணி' என்று சண்டைக்கலையைப் பிரித்துப் பேசுவதற்கு நமக்குக் கிடைக்கும் முதல் சான்று 1669இல் ஹுவாங் சோங்ஷி என்ற அறிஞர் எழுதிய ஒரு கல்லறை வாசகம். அதே நூற்றாண்டு. நேற்று மழையில் யோசித்த கேள்விக்கு விடை இதுதான்: 17ஆம் நூற்றாண்டை ஒட்டி இந்த இரண்டு ஆறும் கலந்திருக்கின்றன.

மதியத்துக்குமேல் துய்ஷோ, அதாவது தள்ளும் கை. இருவர் மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டி நின்று, விடாமல், ஒருவர் சமநிலையை ஒருவர் குலைக்கப் பார்க்கவேண்டும். நான் லாவ்ஷியைவிட 15 கிலோவாவது கூட இருப்பேன். தள்ளு என்றார். தள்ளினேன். கிணற்றில் நீச்சல் பழகும்போது லாரி டியூபைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பார்த்திருக்கிறீர்களா? அமுக்கும்போது மெத்தென்று இருக்கும், ஆனால் ஒருபோதும் உள்ளே போகாது, கை வழுக்கினால் மேலே எகிறும். அவர் முன்கை அப்படி இருந்தது. இதைத்தான் பெங் என்கிறார்கள். தாய்ச்சியில் சொல்லும் எல்லா விசைக்கும் இது தாய்.

இன்னும் பலம் போட்டேன். எங்கே தள்ளுகிறேனோ அந்த இடம் காலியாகிவிட்டது. முன்னால் சாய்ந்தேன், சாய்வதை நான் உணர்வதற்குள் அவர் உணர்ந்துவிட்டார். அப்புறம் மார்பில் ஒரு சின்ன அதிர்வு, நான் இரண்டு மீட்டர் பின்னால் சுவரில் கட்டியிருந்த மெத்தையில் இருந்தேன். அவர் கை நான்கு விரற்கடைகூட நகரவில்லை, இதைப் பக்கத்தில் இருந்து பார்த்த அண்ணன் சொன்னார். வலி இல்லை. யாரோ தரையை என் காலடியில் இருந்து உருவியதுபோல இருந்தது.

இது மாயம் இல்லை என்று எனக்கு உறுதியாகத் தெரியும், ஏனென்றால் அடுத்த ஒரு மணி நேரம் அவர் அதைப் பிரித்துப் பிரித்துக் காட்டினார். தொட்ட இடத்தின் வழியாக என் கனம் எந்தக் காலில் இருக்கிறது என்று அவர் 'கேட்கிறார்', அதன் பெயர் திங்ஜின். நான் தள்ளும் கோட்டில் இருந்து இடுப்பைத் திருப்பி விலகுகிறார். நான் சமநிலை இழக்கும் நொடியில் பின்காலில் இருந்து தரையை மிதித்து, குவா திறந்து, வயிறு சுற்றி விரிந்து, முதுகு வழியாகக் கைக்கு விடுகிறார். அவர் முதுகில் என் உள்ளங்கையை வைக்கச்சொன்னார். கை அசைவதற்கு முன்னால் இடுப்புக்கு மேலே இருபுறமும் கயிறு முறுகுவது போல ஓர் அலை ஓடியது. நாள் 2இல் நின்றதும், நாள் 3இல் நூற்றதும் அந்த அலைக்குப் பாதை வெட்டுகிற வேலை என்பது அந்த உள்ளங்கையில்தான் எனக்கு விளங்கியது. எங்கேயாவது ஒரு தசை இறுகியிருந்தால் அலை அங்கே நின்றுவிடும், அதனால்தான் சோங், சோங் என்று உயிரை எடுக்கிறார்.

தைரியம் வந்து அந்தக் கேள்வியைக் கேட்டேன். 2017 ஏப்ரலில் செங்டுவில் ஒரு கலப்புச் சண்டை (MMA) வீரர் ஒரு தாய்ச்சி ஆசிரியரைச் சில நொடிகளில் வீழ்த்திய காணொளி உலகமெல்லாம் ஓடியது, அதைப் பற்றி. அண்ணன் மொழிபெயர்க்கவே தயங்கினார். லாவ்ஷி கோபப்படவில்லை. சீனத்தில் ஒரு பழமொழி உண்டு: சண்டை அசைவு மட்டும் பயின்று குங் பயிலாதவனுக்கு முதுமையில் கை வெறுமை. அதைச் சொல்லிவிட்டு, தன் பங்குக்கு இன்னொன்றும் சொன்னார்: "குங் மட்டும் பயின்று ஒருவனோடும் மோதாதவனுக்கு முதல் நாளே கை வெறுமை." இங்கே இளைஞர்கள் தினமும் மல்லுக்கட்டி விழுகிறார்கள், துய்ஷோ போட்டிகளுக்குப் போகிறார்கள், முகத்தில் காயத்தோடு வருகிறார்கள். தொடாமலே பத்துப்பேரை விழவைப்பதாகக் காட்டும் ஆட்களைப் பற்றிக் கேட்டதற்குப் பதிலே சொல்லாமல் டீ ஊற்றினார். என் கருத்தை நான் சொல்லிவிடுகிறேன், அது பொய், அதை விற்பவர்களால்தான் உண்மையாக உழைப்பவர்களுக்குக் கெட்ட பெயர்.

நாள் 6

மஞ்சள் ஆற்றைத் தாண்டித் தெற்கே, தெங்ஃபெங்கில் ஷாவ்லின் கோயில். ஒரு நாள் விடுமுறை கொடுத்தார்கள், போகாமல் இருக்க முடியுமா. 

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். மேடைக் காட்சியில் தொண்டைக்குழியில் ஈட்டிமுனையை வைத்து வளைத்தார்கள். வளையும் தண்டு பாதி விசையை வாங்கிக்கொள்கிறது, மீதிக்கு நல்ல பயிற்சி வேண்டும்தான், ஆனால் இதைப் பார்த்து உடம்பில் ஆயுதம் இறங்காது என்று நம்பிவிடக்கூடாது. 1900இல் வெளிநாட்டவரை எதிர்த்து எழுந்த பாக்ஸர் கிளர்ச்சியில் அப்படி நம்பித் துப்பாக்கிகளுக்கு முன்னால் போனவர்கள் எத்தனையோ பேர், பெரும்பாலும் கிராமத்துப் பையன்கள்.

என்னை நிறுத்தியது ஆயிரம் புத்தர் மண்டபத்தின் தரை. செங்கல் தளத்தில் 48 குழிகள், வரிசை வரிசையாக, துறவிகள் தலைமுறை தலைமுறையாகக் கால் உதைத்துப் பயின்றதால் ஏற்பட்டவை என்கிறார்கள். சென் பாணியிலும் உலக்கை குத்துவது போலக் காலை இறக்கும் ஓர் அசைவு உண்டு. உள், வெளி என்று காகிதத்தில் பிரித்தார்களே தவிர, கால் ஒன்றாகத்தான் தரையில் விழுகிறது.

போதிதர்மரைப் பற்றி எழுதாமல் போனால் ஊரில் விடமாட்டார்கள். காஞ்சிபுரத்து இளவரசர் இங்கே வந்து குங்ஃபூ சொல்லிக்கொடுத்தார் என்று கேட்டு வளர்ந்தவன் நான். அவர் தங்கியதாகச் சொல்லும் குகைக்கு ஏறிப்போய்க் கும்பிட்டேன், மனம் நிறைந்தது. ஆனால் படித்ததையும் சொல்லவேண்டும். கோயில் 495இல் பாதுவோ என்ற வேறோர் இந்தியத் துறவிக்காகக் கட்டியது. போதிதர்மரைக் குறிப்பிடும் பழைய நூலான 547ஆம் ஆண்டு லோயாங் கோயில் பதிவு அவரைப் பாரசீகர் என்கிறது, பழைய மற்றோர் எழுத்து தென்னிந்திய அரசரின் மூன்றாம் மகன் என்கிறது. அவர் தந்ததாகச் சொல்லும் 'யிஜின் ஜிங்', தசைநார் மாற்றும் நூல், 628ஆம் ஆண்டு முன்னுரையோடு இருந்தாலும், ஆய்வாளர்கள் அதை 1624இல் ஒரு தாவோ துறவி எழுதியதாகவே கொள்கிறார்கள். மறுபடியும் அதே 17ஆம் நூற்றாண்டு! மூச்சும் தசையும் சேர்ந்து சண்டைக்கு வந்த காலம். தியானத்தைக் கொண்டுவந்த தென்னாட்டுத் துறவியாக அவரை வணங்க எனக்கு எந்தத் தடையும் இல்லை, குத்துச்சண்டைக்கு மட்டும் அவரைச் சாட்சிக்கு இழுக்கமாட்டேன்.

நாள் 7

நேற்று எழுதியதில் விட்டது: திரும்பும் வழியில் யாங் லூச்சான் பயின்ற வீட்டைப் பார்த்தேன். சென் குலத்தைச் சேராத ஆள், ஹெபே மாகாணத்தில் இருந்து வந்து இந்த வீட்டில் வேலை செய்துகொண்டே பலகை ஐயாவிடம் கற்று, பிறகு பெய்ஜிங் போய் அரசகுலத்தாருக்கே கற்பித்தார். இன்று உலகத்தில் பூங்கா பூங்காவாகச் செய்யும் யாங் பாணி அவரிடம் இருந்து வந்தது. 

நடுவில் ஒரு முறை ஊரிலேயே இந்தக் கலை நின்றுபோகும் நிலை வந்தது. 1958இல் சென் ஜாவ்பி என்ற முதியவர் வெளியூர் வேலையை விட்டுத் திரும்பி, இளைஞர்களைக் கூட்டிவைத்துப் பயிற்றுவித்தார், கலாச்சாரப் புரட்சியில் அவமானப்படுத்தப்பட்டும் விடவில்லை, 1972இல் இறந்தார். அவர் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். லாவ்ஷி எனக்குக் காட்டிய ஒவ்வொரு திருத்தமும் அந்த ஒரு மனிதர் திரும்பி வந்ததால் இருக்கிறது.

நாள் 8

கடைசி நாள். காலையில் 31 நிமிடம் நின்றேன்.

மதியம் அண்ணன் ஒரு கிழங்குத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். இந்த வட்டாரத்து 'இரும்புத்தடி' வள்ளிக்கிழங்கு சீனா முழுக்கப் பேர்பெற்றது, மருந்துக்கடையிலும் இருக்கும், சமையலறையிலும் இருக்கும். இப்போதுதான் தோண்டும் பருவம். கெட்டிக் களிமண்ணில் விளைவது கோணல்மாணலாகவும் மணலில் விளைவது நேராகவும் இருக்கும், கோணலுக்குத்தான் விலை அதிகம். ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கிழங்கு இறங்கியிருக்கும், பக்கத்தில் குழி வெட்டி, சுற்றி மண்ணைச் சுரண்டி, ஒடியாமல் எடுக்கவேண்டும். எழுபது வயதுக்காரர் ஒருவர் தோண்டிக்கொண்டிருந்தார். மண்வெட்டி இறங்கும்போது கனம் முன்காலுக்குப் போகிறது, மண்ணைப் புரட்டும்போது இடுப்பு திரும்புகிறது, கை சும்மா தொடர்ந்து வருகிறது. தோள் ஏறவே இல்லை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு மண்வெட்டியை என்னிடம் நீட்டினார். மூன்றாவது வெட்டில் என் தோள் ஏறிவிட்டது, அவர் எழுந்து வந்து, ஒன்றும் பேசாமல், என் இடுப்பு மடிப்பில் விரலால் குத்தினார். அதே இடம்.

அவரிடம் தாய்ச்சி பயின்றீர்களா என்று அண்ணன் கேட்டார். சின்ன வயதில் கொஞ்சம் என்றார், பிறகு வயல்தான்.

இரண்டு கிழங்கு கொடுத்தனுப்பினார். வேகவைத்துத் தோலோடு சாப்பிட்டோம், மாவு மாவாக, லேசாக இனித்தது. லாவ்ஷியிடம் விடைபெறப் போனேன். வீட்டில் என்ன செய்யவேண்டும் என்று கேட்டதற்கு, தினமும் நில், வடிவம் (தொடர் அசைவுகள்) பிறகு என்றார். முழங்காலைத் தொட்டுக் காட்டி நன்றி சொன்னேன், அவர் குவாவைத் தட்டிக் காட்டினார்.

நாளை ஐந்தரைக்கு செங்சோ போக வண்டி வருகிறது. அலாரம் நாலரைக்கு வைத்திருக்கிறேன், நிற்க நேரம் வேண்டுமே.